கொல்லைக் கொய்யாவும் குடும்ப நலமும்



ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? பஸ் ஏறி டவுனுக்குப் போகிறோம். அரைக் கிலோ ஆப்பிள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போகிறோம். அந்த நோயாளி வீட்டுக் கொல்லையிலேயே ஒரு கொய்யா மரம் நிற்கும். பழம் அணில் கடித்து மண்ணில் விழுந்து கிடக்கும். அதை யாரும் பழமாகவே மதிப்பதில்லை. "கொய்யாதானே" என்று சொல்லிவிடுகிறோம்.

அந்தக் "கொய்யாதானே" என்ற பழத்தைப் பற்றித்தான் இந்தத் துண்டுப் பிரசுரத்தில் உங்களோடு பேசப் போகிறேன். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு தாயின் கதை

சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் கர்ப்பிணித் தாய்மார்களுக்குப் பரிசோதனை நாள். ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். மூத்த குழந்தைக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. முகம் வெளுத்திருந்தது. நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.1 தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் பார்த்தபோது 8.4 இருந்தது. மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது.

"மாத்திரையை ஒழுங்காப் போடுறியாம்மா?" என்று கேட்டேன்.

"ஒருநாள்கூட விடலைங்க ஐயா. காலையில காபி குடிக்கும்போதே வாயில போட்டுக்குவேன். அப்பத்தான் மறக்காது."

"சாப்பாடு?"

"எல்லாரும் சாப்பிட்டப்புறம் சாப்பிடுவேங்க. சாப்பிட்டதும் ஒரு டீ குடிச்சாத்தான் தெம்பா இருக்கும்."

பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் நல்ல கொய்யா மரம், கிளை தாழக் காய்த்திருந்தது. "இதை யார் சாப்பிடுறது?" என்றேன். "பிள்ளைங்க தின்னும். மிச்சத்தை வியாபாரி வந்து பறிச்சிட்டுப் போவாரு. எனக்கு அத்தை தரமாட்டாங்க, குளிர்ச்சியாம்" என்றார்.

இந்த வீட்டில் மாத்திரை இருந்தது, கீரை இருந்தது, பழமும் இருந்தது. ஆனால் எதை எதோடு சேர்த்துச் சாப்பிடுவது என்பது மட்டும் தெரியவில்லை. அதனால் அந்தத் தாயின் இரத்தம் ஊறவில்லை. இனி அந்த விவரத்தைப் பார்ப்போம்.

இரத்த சோகை என்பது என்ன?

நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின் என்ற பொருள். நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராண வாயுவை உடம்பு முழுவதும் சுமந்து செல்வது இதுதான். இதைச் செய்ய உடம்புக்கு இரும்புச் சத்து வேண்டும். கர்ப்பிணிக்கு இது 11 கிராமுக்குக் குறையக் கூடாது. மற்றப் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. இந்த அளவுக்குக் கீழே போனால் இரத்த சோகை என்கிறோம். கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே போனால் அது ஆபத்தான நிலை. உடனே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்த சோகை இருந்தது. தமிழ்நாட்டில் 100-க்கு 53 பேர். அதாவது உங்கள் தெருவில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நின்றால், அவர்களில் ஒருவருக்கு இது இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கு ஏன் இவ்வளவு? மாதவிலக்கில் இரத்தம் போகிறது. ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1000 மில்லி கிராம் இரும்புச் சத்து தேவைப்படுகிறது. அந்தக் கடன் அடைபடுவதற்குள் அடுத்த கர்ப்பம் வந்துவிட்டால், தாயின் உடம்பில் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லி கிராம் இரும்புச் சத்து போதும். பெண்ணுக்கு 29 மில்லி கிராம் வேண்டும். வீட்டில் அதிகம் வேண்டியவர்தான் கடைசியில் சாப்பிடுகிறார். இதை இருவரும் யோசித்துப் பாருங்கள்.

இரத்த சோகையோடு பிரசவத்துக்குப் போகும் தாய், சாதாரணமாக ஏற்படும் இரத்தப் போக்கைக்கூடத் தாங்க முடியாமல் போகலாம். குழந்தை எடை குறைந்தும், மாதம் நிறையாமலும் பிறக்கலாம். "பொம்பளைன்னா களைப்பு இருக்கத்தான் செய்யும்" என்று தள்ளிவிடுகிற விஷயம் அல்ல இது.

சாப்பிட்ட சத்து எங்கே போகிறது?

"கீரை சாப்பிடுறோம், கம்பு சாப்பிடுறோம், பருப்பு சாப்பிடுறோம். அப்புறமும் ஏன் இரத்தம் ஊறலை?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

கறி, மீன், ஈரல் இவற்றில் உள்ள இரும்புச் சத்து சுலபமாக உடம்பில் சேரும். தானியம், பருப்பு, கீரை இவற்றில் உள்ளது அப்படிச் சேராது. பத்துப் பங்கு சாப்பிட்டால் ஒரு பங்கு இரத்தத்தில் ஏறுவதே கஷ்டம். மீதி மலத்தோடு போய்விடும். தானியத்தின் உமியோரத்திலும் பருப்பிலும் பைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. அது இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருளும் அப்படியே. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு தம்ளர் டீ, அந்தச் சாப்பாட்டிலிருந்து ஏறும் இரும்புச் சத்தைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும்.

சந்தைக்குப் போன மூட்டை வீட்டு வாசல் வரை வந்துவிட்டது, ஆனால் கதவு பூட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் வைட்டமின் 'சி'.

கொய்யா செய்யும் வேலை

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கொய்யாவில் இரும்புச் சத்து மிகவும் குறைவு. கொய்யா தின்றால் இரத்தம் ஊறும் என்று மொட்டையாகச் சொன்னால் அது சரியல்ல. கொய்யாவில் நிறைந்திருப்பது வைட்டமின் 'சி'. சோறு, கீரை, பருப்பில் உள்ள இரும்புச் சத்தைக் குடலில் கரைய வைத்து, உடம்பு ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு இது மாற்றிக் கொடுக்கிறது. பைட்டேட்டின் பிடியிலிருந்தும், துவர்ப்புப் பொருளின் பிடியிலிருந்தும் விடுவிக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வயிற்றில் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். காலையில் கொய்யாவும் இரவில் கீரையும் சாப்பிட்டால் இந்தப் பலன் கிடைக்காது.

நம் நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1918-இல் நம் குன்னூரில் ஒரு சிறிய ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி, பின்பு ஐதராபாத்துக்கு மாறிய நிறுவனம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அங்கே வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு அரிசிச் சாப்பாட்டோடு கொய்யாப் பழம் கொடுத்துப் பார்த்தார்கள். பழம் இல்லாத அதே சாப்பாட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் இரும்புச் சத்து உடம்பில் ஏறியது. 2013-இல் இந்த முடிவு வெளிவந்தது. சோறு அதே சோறுதான். கூட ஒரு பழம் சேர்ந்தது, அவ்வளவுதான்.

100 கிராம் கொய்யாவில் 200 மில்லி கிராமுக்குச் சற்று மேலேயே வைட்டமின் 'சி' இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 65 மில்லி கிராம், ஆணுக்கு 80. ஆகவே பாதிப் பழமே ஒரு நாள் தேவைக்குப் போதும். கொய்யாவில் இருப்பது ஆரஞ்சில் இருப்பதைப் போல் ஏறத்தாழ நாலு மடங்கு. ஆப்பிளில் இருப்பதைப் போல் 30 மடங்குக்குக் குறையாது. பஸ் ஏறிப் போய் வாங்கியது எது, மண்ணில் விழுந்து கிடந்தது எது என்று இப்போது பாருங்கள்.

ஆடு, மாடு எல்லாம் இந்த வைட்டமினைத் தம் உடம்பிலேயே செய்துகொள்ளும். மனிதனுக்கு அந்த வசதி இல்லை. உடம்பில் அதிக நாள் சேர்த்து வைக்கவும் முடியாது. எனவே ஒருநாள் பத்துப் பழம் தின்பதைவிட, நாள்தோறும் ஒன்று தின்பதே நல்லது.

பழத்தில் வேறு என்ன இருக்கிறது?

நார்ச்சத்து: 100 கிராம் பழத்தில் 5 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. மலச்சிக்கல் கர்ப்பிணிகளுக்குப் பெரிய தொல்லை. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் சிலருக்கு அது கூடும். கொய்யா அதற்குத் துணை செய்யும். நார்ச்சத்தில் ஒரு பகுதி பெக்டின் என்பது. கொய்யா ஜெல்லி கெட்டியாவது இதனால்தான். சர்க்கரை இரத்தத்தில் வேகமாக ஏறாமல் இது மெதுவாக்குகிறது.

லைக்கோபீன்: உள்ளே சிவப்பாக இருக்கும் கொய்யாவுக்கு நிறம் கொடுப்பது இது. தக்காளியின் சிவப்பும் தர்பூசணியின் சிவப்பும் இதுவே. உடம்பின் நுண்ணிய அணுக்கள் கெடாமல் காக்கும் பொருட்களில் ஒன்று. வெள்ளைக் கொய்யாவில் இது கிடையாது. ஆனால் வைட்டமின் 'சி' இரண்டிலும் உண்டு. எனவே எது கிடைத்தாலும் சாப்பிடலாம்.

ஃபோலேட்: புது இரத்த அணுக்கள் உண்டாக இதுவும் வேண்டும். கருவில் குழந்தையின் முதுகுத் தண்டு சரியாக உருவாவதற்கும் வேண்டும். கொய்யாவில் ஓரளவு இருக்கிறது. ஆனால் கர்ப்பிணிக்கு இது மட்டும் போதாது. ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பொட்டாசியம்: இரத்த அழுத்தம் சீராக இருக்க உதவும் உப்பு. கொய்யாவில் நன்றாகவே இருக்கிறது.

எப்படிச் சாப்பிட வேண்டும்?

மதியச் சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்டு முடித்த உடனே, ஒரு நடுத்தரப் பழம் சாப்பிடுங்கள். தோலைச் சீவாதீர்கள். தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் வைட்டமின் 'சி' அதிகம். ஆனால் நல்ல தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மண்ணில் விழுந்து அடிபட்டதும், அணில், வௌவால் கடித்ததும் வேண்டாம்.

நறுக்கி வைத்துக் காத்திருக்காதீர்கள். காற்றும் சூடும் பட்டால் வைட்டமின் 'சி' அழியும். வேக வைத்தால் பெரும் பகுதி போய்விடும். அளவுக்கு மீறிப் பழுத்துக் குழைந்ததைவிட, பழுத்தும் சற்றுக் கெட்டியாக இருக்கும் பதம் நல்லது. கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கொட்டையை எடுத்துவிட்டு, மசித்துக் கொடுங்கள்.

டீயோ காபியோ வேண்டுமானால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். டீயை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை, நேரத்தை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கொய்யா கிடைக்காத மாதத்தில் ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கீரையையோ பருப்பையோ அடுப்பை விட்டு இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். அதே வேலை நடக்கும்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"கர்ப்பிணி கொய்யா தின்னா சளி பிடிக்கும், குளிர்ச்சியாமே?" சளி கிருமியால் வருகிறது, கொய்யாவால் வருவதில்லை. கர்ப்பிணியும், பால் கொடுக்கும் தாயும் தாராளமாகச் சாப்பிடலாம்.

"கொட்டை குடல்வாலில் போய் அடைச்சுக்குமாமே?" பயம் வேண்டாம். கொட்டை மலத்தோடு வெளியே போய்விடும். பல் இல்லாத பெரியவர்கள் கொட்டையை நீக்கிவிட்டுச் சாப்பிடலாம்.

"சர்க்கரை வியாதிக்காரர் சாப்பிடலாமா?" ஒரு பழம் முழுதாகச் சாப்பிடலாம். சர்க்கரை போட்ட ஜூஸ், ஜாம், ஜெல்லி கூடாது.

"யாராவது சாப்பிடக் கூடாதா?" சிறுநீரகம் கெட்டு, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகள், இவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

"கொய்யா இலைக் கஷாயம் பேதிக்கு நல்லதா?" நம் பெரியவர்கள் கொடுத்து வந்ததுதான். இலையில் துவர்ப்புப் பொருளும் க்வெர்செட்டின் என்ற பொருளும் இருக்கின்றன. ஆனால் பேதியில் உயிரை எடுப்பது உடம்பில் நீர் வற்றிப்போவது. குழந்தைக்குப் பேதி என்றால் முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல், கூடவே நர்ஸ் தரும் துத்தநாக மாத்திரை 14 நாளைக்கு. கஷாயத்தை நம்பி இதைத் தள்ளிப் போடாதீர்கள். இலையின் துவர்ப்பு இரும்புச் சத்தையும் தடுக்கும் என்பதால், சாப்பாட்டோடு கஷாயம் வேண்டாம்.

மாத்திரைக்குப் பதில் பழம் அல்ல

இரத்த சோகை வந்த பிறகு பழத்தால் மட்டும் அதைச் சரிசெய்ய முடியாது. கர்ப்பிணிக்கு நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்பு மாத்திரை, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். இது ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இலவசம். இரத்தம் குறைவாக இருந்தால் டாக்டர் சொல்லும் அளவுக்கு மாத்திரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மாத்திரையை டீ, காபி, பாலோடு விழுங்காதீர்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போடக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையினால்தான், பயப்பட ஒன்றும் இல்லை. குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். கொக்கிப் புழு இரத்தத்தைக் குடிக்கும், அது வெறுங்காலின் வழியே ஏறும். ஆகவே செருப்பு போடுங்கள், கழிப்பறையைப் பயன்படுத்துங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

முன்னே சொன்ன தாயின் கதைக்கு வருகிறேன். அன்று அவர் கணவர் வயலிலிருந்து வந்ததும் இந்த விவரம் எல்லாம் அவரிடமும், வீட்டுப் பெரியம்மாவிடமும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, இந்த மரத்தை நான்தான் வச்சேன். இவ ஒரு பழம் தின்னு நான் பார்த்ததில்லை" என்றார். அதன் பிறகு வியாபாரிக்குக் கொடுக்கும் முன் வீட்டுக்கு வேண்டியதைப் பறித்து வைத்தார். மதியம் மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிச் சாப்பிட்டார். டாக்டர் மாத்திரையை ஒரு நாளைக்கு இரண்டாக்கினார். மாத்திரை நேரமும் டீ நேரமும் மாறின. எட்டாம் மாதம் முடியும்போது ஹீமோகுளோபின் 10.3. ஆஸ்பத்திரியில் பிரசவம் நல்லபடியாக நடந்தது. இது கொய்யா மட்டும் செய்த வேலை இல்லை. மாத்திரை, சாப்பாடு, பழம், வீட்டாரின் கவனிப்பு எல்லாம் சேர்ந்து செய்தது.

அடுத்த குழந்தைக்குக் குறைந்தது மூன்று வருட இடைவெளி வேண்டும் என்றும் அவர்களிடம் சொன்னேன். இழந்த இரத்தமும் சத்தும் தாய்க்குத் திரும்ப அந்தக் காலம் வேண்டும். அதற்கான வழிகளை உங்கள் கிராம சுகாதார நர்ஸிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

ஒரு மரம் வையுங்கள்

கொய்யா நம் மண்ணில் பிறந்த மரம் அல்ல. அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. அவர்கள் சொன்ன 'கொயாபா' என்ற பெயர்தான் நம் வாயில் 'கொய்யா' ஆயிற்று. இன்று பழனி பக்கத்து ஆயக்குடிக் கொய்யாவுக்குத் தனிப் பெயரே இருக்கிறது. வறட்சியைத் தாங்கும். பெரிய கவனிப்பு கேட்காது. லக்னோ-49, அலகாபாத் சபேதா போன்ற நல்ல இரகங்களின் பதியன் கன்றைத் தோட்டக்கலைப் பண்ணையில் வாங்கலாம். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய தொழு உரமும் மேல் மண்ணும் போட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். நல்ல வெயில் படும் இடமாக இருக்கட்டும். பாத்திரம் அலசிய தண்ணீர்கூடப் போதும், சோப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம். இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும்.

நினைவில் வையுங்கள்

1. சாப்பாட்டோடு ஒரு கொய்யாப் பழம், தோலோடு, நாள்தோறும்.
2. டீ, காபி ஒரு மணி நேரம் தள்ளி.
3. இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. டீ, காபி, பாலோடும் கூடாது.
4. கர்ப்பிணியும், பால் கொடுக்கும் தாயும் கடைசியில் அல்ல, எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட வேண்டும்.
5. வெளுப்பு, மூச்சு வாங்கல், படபடப்பு இருந்தால் தாமதிக்காமல் சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்து முடித்ததும் மடித்து எறவாணத்தில் செருகிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். நாளை மதியம் சாப்பிட உட்காரும்போது, தட்டுக்கு ஒரு பழம் இருக்கிறதா என்று இருவரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.